மூன்றாவது புள்ளி

பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்தால் உள்ளே வட்டமாக ஒரு காந்தம் கிடைக்கும். அதைக் கயிற்றில் கட்டி கோமுகி ஆற்று மணலில் இழுத்துக்கொண்டே போனால், மீசை முளைத்த மாதிரி கருப்புத் தூள் அப்பிக்கொள்ளும். லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இதுதான் வேலை. அத்தை அந்தத் தூளை ஒரு தாளில் கொட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை ஆட்டி, "பாரு பாப்பா, சாமியாடுது" என்பார்.

அத்தை வீடு கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்குப் போகிற வழியில். வாசலில் நின்றால் கல்வராயன் மலை எதிரே சுவர் மாதிரி நிற்கும். எங்கள் வீடு கள்ளக்குறிச்சிக்கு இந்தப் பக்கம். இரண்டு பஸ் மாறினால் போதும், மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அந்தத் தூரத்தைக் கடக்காமல் பன்னிரண்டு வருஷம் இருந்தோம். அதற்குக் காரணம் நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கருப்புத் தூள் பெரும்பாலும் மேக்னடைட் என்கிற இரும்புத் தாது என்பது காலேஜில் தெரிந்தது. அதே மேக்னடைட்டை வைத்து 1956-ல் ஒருவர் போட்ட கணக்கின் பேரப்பிள்ளைதான் நான் இன்று செய்கிற ஆராய்ச்சி என்பது அதற்கப்புறம் தெரிந்தது. அந்தக் கணக்கு எங்கள் வீட்டைப் பற்றியும் பேசுகிறது என்று புரிந்தது இன்னும் தாமதமாக.

*

தாத்தா 2011-ல் இறந்தார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். பூர்வீகமாக வந்த மூன்று ஏக்கர், ஒரு கிணறு, கிணற்று மேட்டில் ஒரு புளியமரம். வாரிசு மூன்று பேர். மூத்தவர் அப்பா, நடுவில் அத்தை, கடைசி சித்தப்பா.

அப்பா நிலத்தை விற்கக் கூடாது என்றார். சித்தப்பா விற்றே ஆகவேண்டும் என்றார். அவருக்கு லாரிக் கடன் இருந்தது. நிலம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இவர் கரும்பு போடலாம் என்றால் அவர் மரவள்ளி என்பார். அவர் மரவள்ளி என்றால் இவர் கரும்பு. ஒருவர் கிழக்கே பார்த்தால் மற்றவர் மேற்கே பார்ப்பார். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்று அம்மா சொல்வார்.

நடுவில் அத்தை. எங்கள் வீட்டுக்கு வந்தால், "விக்க வேணாம்ணா, அப்பா காலடி பட்ட மண்ணு" என்பார். சித்தப்பா வீட்டுக்குப் போனால், "உன் கஷ்டம் எனக்குத் தெரியாதாடா, வித்துக் கடனை அடை" என்பார். பதினொண்ணாவது படிக்கும்போது நான் இரண்டையும் கேட்டேன். ஒரே வாரத்தில், இரண்டு திண்ணையில். பதினாறு வயசுக்கு நியாயம் ரொம்ப சுலபமாக இருக்கும். ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்: "அத்தை அங்க போயி வேற மாதிரி பேசுறாங்கப்பா."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அந்தத் தை மாசம் அத்தைக்குப் பொங்கல் சீர் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. ஊரில் அத்தைக்கு 'ரெட்ட நாக்கு' என்று பேர் வந்தது. அந்தப் பேரை முதலில் வைத்தது நான்தான், வேறு வார்த்தைகளில்.

*

என் ஆராய்ச்சியை யார் கேட்டாலும் நான் கோலத்தில்தான் ஆரம்பிப்பேன்.

நேர்ப்புள்ளிக் கோலம் உங்களுக்குத் தெரியும். வரிசைக்கு வரிசை புள்ளி நேருக்கு நேர் நிற்கும். கோடு இழுக்க வேண்டாம். புள்ளிகளுக்குச் சிவப்புப் பொடியோ பச்சைப் பொடியோ மட்டும் வையுங்கள். விதி ஒன்றுதான்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. அடுத்த வரிசையில் மாற்றி வைத்தால் போச்சு. சதுரங்கப் பலகை வந்துவிடும். எல்லாருக்கும் திருப்தி.

இப்போது இடைப்புள்ளிக் கோலம். பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டு வரை. மார்கழியில் பாதித் தெருவில் இதுதான் கிடக்கும். இரண்டு புள்ளிக்கு நடுவில், மேலே, அடுத்த வரிசைப் புள்ளி. மொத்தம் 169 புள்ளி. அதே விதி. முதல் புள்ளி சிவப்பு, பக்கத்துப் புள்ளி பச்சை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மூன்றாவது புள்ளிக்கு என்ன நிறம் வைப்பீர்கள்?

சிவப்பு வைத்தால் முதல் புள்ளியோடு மோதும். பச்சை வைத்தால் இரண்டாவதோடு மோதும். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, மூன்று ஜோடியில் ஒரு ஜோடி கெட்டுத்தான் தீரும். புள்ளியிலும் குற்றமில்லை, பொடியிலும் குற்றமில்லை. முக்கோணமாக நிற்க வைத்ததுதான் வினை.

இதற்கு இயற்பியலில் 'ஜியோமெட்ரிக் ஃபிரஸ்ட்ரேஷன்' என்று பேர். ஃபிரஸ்ட்ரேஷன் என்ற சொல்லை இந்தத் துறையில் 1977-ல் நிலைநிறுத்தியவர் பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் ஜெரார் துலூஸ். தமிழ் அகராதியில் தேடினால் விரக்தி, ஏமாற்றம் என்று வரும். நம்ம ஆட்கள் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடுகிற ஃபிரஸ்ட்ரேஷன் அது. காந்தத்துக்கு விரக்தி வராது. நான் 'இழுபறி' என்றுதான் என் நோட்டில் எழுதுகிறேன். வடிவ இழுபறி.

சிவப்பு, பச்சைக்குப் பதிலாக ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டிக் காந்த ஊசியை வையுங்கள். ஊசி மேலே பார்க்கும், அல்லது கீழே பார்க்கும். பக்கத்து ஊசிக்கு எதிராகத்தான் நிற்பேன் என்று அடம்பிடிக்கும். அணுக்களில் இருக்கிற இந்த ஊசியைத்தான் ஸ்பின் என்கிறோம். பொதுவாக எந்தப் பொருளையும் குளிர்வித்துக்கொண்டே போனால் ஸ்பின்கள் அடங்கி ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். முக்கோண வலையில் வராது. 1950-ல் கிரகரி வான்னியர் கணக்குப் போட்டுக் காட்டினார்: தனிச்சுழி வெப்பநிலை வரைக்கும் இறக்கினாலும் அங்கே ஒரே ஒரு சரியான அமைப்பு கிடையாது. சமமாகச் சரியான, சமமாகத் தப்பான அமைப்புகள் எண்ணிக்கையில்லாமல் இருக்கும்.

*

இதற்கு முன்னோடி ஐஸ் கட்டி. வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிற அதே ஐஸ். அதில் ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுற்றியும் நாலு ஹைட்ரஜன் இருக்கும். இரண்டு கிட்டே, இரண்டு எட்டே. எந்த இரண்டு கிட்டே என்பதில் கட்டாயம் இல்லை. அதனால் ஐஸை எவ்வளவு குளிர்வித்தாலும் உள்ளே கொஞ்சம் குழப்பம் மிச்சம் இருக்கும் என்று 1935-ல் லைனஸ் பாலிங் சொன்னார். அந்த மிச்சத்தை அவர் கணக்கிட்டது ஒரு மோலுக்கு, ஒரு டிகிரிக்கு 0.805 கலோரி. அடுத்த வருஷம் ஜியாக்கும் ஸ்டவுட்டும் அளந்து பார்த்தது 0.82.

1956-ல் பெல் ஆய்வகத்திலிருந்த பிலிப் ஆண்டர்சன் மேக்னடைட்டை எடுத்துக்கொண்டார். என் கயிற்றுக் காந்தத்தில் ஒட்டிய அதே தூள். சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை முழுக்க இருக்கிற அதே தாது. மேக்னடைட்டைக் கிட்டத்தட்ட மைனஸ் 150 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் அதன் மின்கடத்தும் குணம் திடீரென்று சரிந்துவிடும் என்று 1939-லேயே வெர்வே கண்டுபிடித்திருந்தார். காரணம் தேடிய ஆண்டர்சன், அதிலுள்ள ஒரு வகை இரும்பு அணுக்கள் நான்முகிகளின் மூலைகளில் நிற்பதைப் பார்த்தார். நான்முகி என்றால் முக்கோணங்களால் கட்டிய குட்டிக் கூம்பு. ஒவ்வொரு நான்முகியிலும் நாலு இரும்பு, இரண்டு வகை மின்னேற்றம். இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்து நிற்கத்தான் பார்க்கும். எந்த இரண்டு? ஐஸ் கட்டியின் அதே கேள்வி. இரண்டும் ஒரே கணக்கு என்று ஆண்டர்சன் காட்டினார்.

ஸ்பின்களே இப்படி ஐஸ் மாதிரி உறைகிற பொருள் கிடைக்க 1997 வரை ஆனது. ஹோல்மியம் டைட்டனேட் என்ற படிகத்தில் ஒவ்வொரு நான்முகியிலும் இரண்டு ஸ்பின் உள்ளே பார்க்கும், இரண்டு வெளியே பார்க்கும். இதை ஹாரிஸ், பிராம்வெல் குழு கண்டுபிடித்து 'ஸ்பின் ஐஸ்' என்று பேர் வைத்தது.

இதிலெல்லாம் ஒரே ஒரு குறை. படிகத்துக்குள்ளே தனித்தனி ஸ்பின்னைக் கண்ணால் பார்க்க முடியாது. கோடானுகோடி ஸ்பின்களின் சராசரியைத்தான் அளக்க முடியும். ஊரைக் கேட்டால் குடும்பத்தைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லும் இல்லையா, அந்த மாதிரி. திண்ணையில் யார் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள் என்று அதிலிருந்து தெரியாது.

2006-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஷிஃபர் குழு இதற்கு ஒரு வழி செய்தது. படிகத்தில் தேடுவானேன், நாமே செய்துகொள்வோம். பெர்மலாய் என்ற நிக்கல்-இரும்புக் கலவையில் குட்டிக் குட்டித் தீவுகள் செய்தார்கள். நீளம் 220 நானோமீட்டர், அகலம் 80, தடிமன் 25. ஒரு தலைமுடியின் அகலத்தில் முந்நூறு தீவுகளுக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். நீளவாக்கில் இருப்பதால் ஒவ்வொரு தீவும் ஒரே ஒரு ஊசி மாதிரி நடந்துகொள்ளும். வடக்கு இந்த நுனி, அல்லது அந்த நுனி. மூன்றாவது வழியில்லை. நாலு தீவுகள் ஒரு சந்தியில் கூடுகிற மாதிரி அடுக்கினார்கள். ஒரு சந்தியில் பதினாறு விதம் சாத்தியம். அதில் ஆறுதான் 'இரண்டு உள்ளே இரண்டு வெளியே'. குருட்டாம்போக்கில் விட்டால் 37.5 சதவீதச் சந்திகள் இந்த விதிக்குள் வரும். தீவுகளை நெருக்கி வைத்தபோது 70 சதவீதத்துக்கு மேல் வந்தது. ஒவ்வொரு தீவும் பக்கத்துத் தீவைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறது.

நான் வேலை செய்வது மூன்று தீவுகள் கூடுகிற சந்தியில். தேனடை மாதிரியான வலை. ஒவ்வொரு ஜோடியும் 'ஒன்று உள்ளே, ஒன்று வெளியே' என்று இருக்கத்தான் ஆசைப்படும். மூன்று ஜோடி இருக்கிறது. இரண்டுக்குத்தான் அது நடக்கும். நாலு பேர் சந்தியில் கணக்குப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மூன்று பேர் சந்தியில் வராது. இரண்டு உள்ளே ஒன்று வெளியே, அல்லது இரண்டு வெளியே ஒன்று உள்ளே. எப்படிப் பார்த்தாலும் ஒன்று மிச்சம் நிற்கும்.

அறை வெப்பத்துக்கு இந்தத் தீவுகள் அசையாது. அதனால் சில்லைக் காந்தப்புலத்தில் வைத்துச் சுழற்றிக்கொண்டே, புலத்தை மெல்ல மெல்லக் குறைப்போம். திருவிழா ராட்டினம் நிற்கிற மாதிரி. நின்றபிறகு காந்த விசை நுண்ணோக்கியில் வைத்தால் திரையில் ஒவ்வொரு தீவும் பாதி கருப்பு, பாதி வெள்ளையாகத் தெரியும். எது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணலாம். என் வேலையில் பெரும்பகுதி இந்த எண்ணிக்கைதான்.

*

ஒரு ராத்திரி அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அது பட்டது. திரையில் ஒரு சந்தி. ஒரு தீவு உள்ளே, இன்னொன்று வெளியே. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. மூன்றாவது தீவு எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சந்தியில் செலவு ஒன்றுதான். உள்ளே திரும்பினால் ஒன்றோடு கெடும், வெளியே திரும்பினால் மற்றொன்றோடு கெடும். இந்தப் படத்தில் உள்ளே இருக்கும். சில்லை மறுபடி சுழற்றி எடுத்தால் வெளியே இருக்கும். அதற்குக் கொள்கை இல்லை என்று சொல்ல முடியுமா? அது நிற்கிற இடம் அப்படி.

"அத்தை அங்க போயி வேற மாதிரி பேசுறாங்கப்பா."

சேரைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வெளியே வந்து நின்றேன். இரண்டு அண்ணன் தம்பி எதிரெதிரே நின்றுகொண்டு, நடுவில் இருப்பவளை நீ எந்தப் பக்கம் என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? அப்பாவோடு இருக்கும்போது தம்பிக்குத் துரோகம். சித்தப்பாவோடு இருக்கும்போது அண்ணனுக்குத் துரோகம். எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஒரு உறவு கெட்டுத்தான் இருக்கும். அவர் செய்ததெல்லாம் கெடுகிற உறவு எப்போதும் ஒன்றாகவே இருந்துவிடாமல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டதுதான்.

இன்னொன்றும் பட்டது. கோலத்துக்கே திரும்பிப் போங்கள். மூன்று புள்ளி, இரண்டு நிறம், மொத்தம் எட்டு விதம். மூன்றும் ஒரே நிறமாக இருக்கிற இரண்டு விதங்களைத் தள்ளினால் மிச்சம் ஆறு. ஆறும் சமம், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிதான் கெட்டிருக்கும். அந்த ஆறில் இரண்டில், அண்ணனும் தம்பியும் ஒரே நிறம், அத்தை மட்டும் வேறு. அதாவது கெட்டிருப்பது அண்ணன் தம்பிக்கு நடுவில் இருக்கிற பிடிவாதம் மட்டும். அவர்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில், வேண்டாவெறுப்பாகவாவது, ஒத்துப்போயிருந்தால் அத்தை இரண்டு பேரோடும் நிம்மதியாக இருந்திருப்பார். செலவு அதே செலவுதான். ஒரு ஜோடிதான் கெட்டிருக்கும்.

எந்த ஜோடி கெடவேண்டும் என்று முக்கோணம் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அது எப்போதும் அத்தையின் ஜோடியாகத்தான் இருந்தது. இதை முடிவு செய்தது முக்கோணம் இல்லை, நாங்கள்.

*

2014-ல் அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தருகிற திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. ஆனால் அது வருவதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அதில் இடமில்லை. அத்தைக்கு 1987-ல் கல்யாணம். 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேலியையும் எடுத்துவிட்டது. ஆக, தாத்தா இறந்தபோது அத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அதைத்தான் எழுதிக் கொடுத்தார். "நான் ஒதுங்கிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க" என்று சொன்னதாக அம்மா சொன்னார். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு மூன்று பேரும் தனித்தனி வண்டியில் போய், தனித்தனி வண்டியில் திரும்பி வந்தார்கள்.

சிக்கல் உடனே தீர்ந்துவிட்டது. முக்கோணத்தில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் மிச்சம் இரண்டு புள்ளி. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இழுபறியே இல்லை. பாகப்பிரிவினை நடந்தது. ஒன்றரை ஏக்கர் அப்பாவுக்கு, அவர் வைத்துக்கொண்டார். ஒன்றரை சித்தப்பாவுக்கு, அவர் விற்றுக் கடன் அடைத்தார். கிணறும் புளியமரமும் வரப்பின் மேலேயே இருந்ததால் பத்திரத்தில் 'பொது' என்று எழுதிக்கொண்டார்கள். அந்த மூலையை மட்டும் சித்தப்பா விற்கவில்லை.

அப்படித் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வலையில் புள்ளியை எடுத்தால் எப்போதும் இழுபறி குறையும் என்று நினைக்காதீர்கள். இடைப்புள்ளிக் கோலத்தில் நாலுக்கு ஒரு புள்ளியை முறையாக அழித்துக்கொண்டே போனால் ஒரு புது வலை வரும். நடுவில் ஆறுமூலை ஓட்டை, சுற்றி மூலையோடு மூலை ஒட்டிய முக்கோணங்கள். இதற்கு 'ககோமே' என்று பேர். 1951-ல் இந்த வலையை ஆராய்ந்த ஜப்பானிய இயற்பியலாளர் சியோஜியின் கட்டுரையோடு அந்தப் பேர் இயற்பியலுக்கு வந்தது. புள்ளி குறைந்துவிட்டதே, இழுபறியும் குறைந்திருக்கும் என்று பார்த்தால், கூடியிருக்கிறது. தனிச்சுழியில் மிச்சம் நிற்கும் குழப்பம் முக்கோண வலையில் ஒரு ஸ்பின்னுக்கு 0.323. ககோமேயில் 0.502. எடுத்த புள்ளிகள்தான் தூரத்துப் புள்ளிகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்தன. அவை போனபிறகு யாருக்கும் யாரையும் தெரியவில்லை.

அத்தை போனபிறகு எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இப்போது சண்டையில்லை. பேச்சும் இல்லை. முன்பு அங்கே சொன்னது இங்கே வந்துகொண்டிருந்தது. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்பது அண்ணனுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. சித்தப்பாவுக்குச் சர்க்கரை முற்றிக் கால் விரல் ஒன்றை எடுத்த செய்தியை அப்பா மூன்று வாரம் கழித்து டீக்கடையில் கேட்டார். ரெட்ட நாக்கு என்று நாங்கள் சொன்னதுதான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே வழி.

ஆண்டர்சன் 1973-ல் மறுபடி முக்கோண வலைக்கு வந்தார். எந்தப் பக்கமும் நிலையாக நிற்காமல், ஸ்பின்கள் ஜோடி மாற்றி ஜோடி மாற்றி அலைந்துகொண்டே இருக்கிற நிலையும் ஒரு நிலைதான், அதுவே அந்த வலைக்கு ஏற்ற நிலையாக இருக்கலாம் என்றார். 1987-ல், உயர்வெப்ப மீக்கடத்திகளை விளக்க அந்த எண்ணத்தை அவரோடு சேர்ந்து வளர்த்தவர்களில் ஒருவர் ஜி. பாஸ்கரன், சென்னை தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனத்துக்காரர். அந்தக் கட்டுரையை நான் படித்தது அத்தையை நினைத்துக்கொண்டு அல்ல, தேர்வுக்காக. இப்போது மறுபடி படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. அலைவதை நிலையில்லாமை என்றுதான் நான் பதினாறு வயசில் புரிந்துகொண்டிருந்தேன்.

*

இந்தத் தை மாசம் நானே சீர் எடுத்துக்கொண்டு போனேன். புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, இரண்டு கரும்பு, ஒரு புடவை. அப்பாவிடம் கேட்கவில்லை, சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கரும்பை பஸ்ல எப்படி எடுத்துட்டுப் போவ?" என்றார். பிறகு அவரே நடுவில் வெட்டிக் கட்டிக் கொடுத்தார்.

அத்தைக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கல்வராயன் மலை அப்படியே நின்றது. வெள்ளிமலைக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. அத்தை சீர்த் தட்டை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் கோழிக்குஞ்சுகளைப் பஞ்சாரம் போட்டு மூடி வைத்திருந்தார். மலையடிவாரச் சந்தையில் வாங்கியதாம், புது மூங்கில் வாசனை போகவில்லை. நான் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆறுமூலைக் கண், சுற்றி முக்கோணங்கள். நாலு வருஷமாகத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிற வலை. ஜப்பானிய மொழியில் ககோ என்றால் கூடை, மே என்றால் கண். கூடைக்கண். நாமும் சல்லடைக்கண், வலைக்கண் என்றுதானே சொல்கிறோம்.

"என்ன பாப்பா, கோழியப் பாக்குறியா?"

"கூடையப் பாக்குறேன் அத்தை."

ஒரு முக்கோணத்தை விரலால் தொடர்ந்து பார்த்தேன். முதல் பட்டை இரண்டாவதற்கு மேலே போகிறது. இரண்டாவது மூன்றாவதற்கு மேலே. அப்படியானால் மூன்றாவது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்க வேண்டும். ஆனால் அது முதல் பட்டைக்கு மேலே ஏறிப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற பட்டை என்று ஒன்றும் இல்லை. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கின்றன. ஒரு ஆணி இல்லை, ஒரு முடிச்சு இல்லை. மூங்கில் விடாமல் நிற்பது அந்த வளைவினால்தான்.

அங்கேயே உட்கார்ந்துகொண்டு சொன்னேன். பதினொண்ணாவது படிக்கும்போது அப்பாவிடம் சொன்னது நான்தான் என்று. கோழிக்குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

அத்தை சிரித்தார். "அது எனக்கு அப்பவே தெரியும்டி. நீ சொல்லலைன்னா உங்கம்மா சொல்லியிருப்பா. உங்கம்மா சொல்லலைன்னா உன் சித்தி. யாரு சொன்னா என்ன, நான் நின்ன எடம் அப்படி."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் நாலு வருஷம் எண்ணி எண்ணித் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார். "நீ எந்தப் பக்கம், எந்தப் பக்கம்னு எல்லாரும் கேட்டாங்க. உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கல."

இயற்பியலில் இதற்கும் இடம் இருக்கிறது. பக்கத்து ஸ்பின்கள் இழுக்கிற இழுப்பைத் தவிர, அந்த ஸ்பின்னின் மேல் மட்டும் விழுகிற தனிப் புலம் என்று ஒரு உறுப்பைச் சமன்பாட்டில் சேர்க்கலாம். எங்கள் வீட்டுக் கணக்கில் அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டோம்.

"என்ன வேணும் அத்தை?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். "அந்தப் புளியமரம். மரம் வேணாம், அந்த வருஷத்துப் புளி. சின்னப் புள்ளையில நானும் எங்கம்மாவும் உலுக்குவோம். உங்கப்பா மேல ஏறி உலுக்கும், உன் சித்தப்பன் கீழ சாக்கைப் புடிச்சிக்கிட்டு நிப்பான். கடையில வாங்குற புளி எனக்குப் புடிக்கல."

அந்த மரத்தை இத்தனை வருஷமாக யாரும் உலுக்குவதில்லை. பொது என்று எழுதியதால் அண்ணன் தொட்டால் தம்பி கேட்பான், தம்பி தொட்டால் அண்ணன் கேட்பார். பழம் தானாக விழுந்து, மண்ணோடு கலந்து, எறும்பு மொய்த்துப் போகும். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அது யாருடைய புளி என்று யோசித்ததில்லை.

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, மாசி பொறந்ததும் புளி உலுக்கணும். அத்தை வர்றாங்க."

அந்தப் பக்கம் சத்தமில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"மேல யாரு ஏறுவா?" என்றார். "எனக்கு முட்டி புடிச்சிருக்கு."

"ஆளு பாத்துக்கலாம்ப்பா."

"ஆளுக்குக் கிளை தெரியாது. தெக்குப் பக்கக் கிளை ஒடிஞ்சிரும்." கொஞ்ச நேரம் கழித்து, "கீழ சாக்குப் புடிக்க ரெண்டு பேரு வேணும்" என்றார்.

சித்தப்பாவைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு சித்தப்பா நம்பரைத் தேடினேன். அத்தை பஞ்சாரத்தைத் தூக்கி, குஞ்சுகளை வெளியே விட்டார்.